துணை ஒப்பந்ததாரர் கட்டணத்துக்கான வரிக் கழிவு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் துணை ஒப்பந்ததாரர் கட்டணத்துக்கான வரிக் கழிவு என்பது, சுயதொழில் செய்யும் ஒருவர் தாம் ஏற்றுக்கொண்ட வேலையின் ஒரு பகுதியை வேறொருவரிடம் ஒப்படைத்து, அதற்காக அவருக்குக் கொடுக்கும் பணத்தைத் தமது தொழில் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு, எஞ்சிய இலாபத்துக்கு மட்டும் வரி செலுத்த இடமளிக்கும் ஏற்பாடு ஆகும். ஒரு வீட்டைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பை ஏற்றவர் மின்கம்பி வேலைக்கு ஒரு மின்பணியாளரை அமர்த்துவதும், ஒரு நிறுவனத்துக்கு இணையத்தளம் அமைத்துத் தருபவர் வரைகலை வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இங்கே "கழிவு" என்பது இந்தியாவில் "வரிப் பிடித்தம்" எனப்படுவதிலிருந்து வேறானது. வரிப் பிடித்தம் என்பது பணம் கொடுப்பவர் பெறுபவரின் வரியை முன்கூட்டியே பிடித்து அரசுக்குச் செலுத்துவது. கழிவு என்பது பணம் கொடுத்தவர் தமது வருமானக் கணக்கில் அச்செலவைக் குறைத்துக்கொள்வது. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சுயதொழிலாளர் உள்நாட்டுத் துணை ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும்போது வழக்கமாக எந்த வரியையும் பிடிப்பதில்லை. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் அரசுக்குத் தெரிவிக்கிறார். பெற்றவர் தமது வரியைத் தாமே கட்ட வேண்டும்.

சட்ட அடிப்படை

ஐக்கிய அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத் தொகுப்பின் 162ஆம் பிரிவு, ஒரு தொழிலை நடத்துவதில் ஏற்படும் "வழக்கமானதும் தேவையானதுமான" செலவுகளைக் கழிக்க அனுமதிக்கிறது. துணை ஒப்பந்ததாரர் கட்டணத்துக்கெனத் தனிப் பிரிவு எதுவும் கிடையாது. இப்பொது விதியின் கீழேயே அது அடங்குகிறது. வழக்கமானது என்றால் அத்தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகச் செய்யும் செலவு. தேவையானது என்றால் தொழிலுக்கு உதவக்கூடிய, பொருத்தமான செலவு. அது இல்லாவிட்டால் தொழிலே நின்றுவிடும் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இவ்விரு சொற்களின் எல்லையை ஆராய்ந்த முதன்மையான வழக்கு, 1933ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த வெல்ச் எதிர் எல்வரிங் வழக்கு. தானிய வணிகத்தில் ஈடுபட்டிருந்த வெல்ச், திவாலாகிப்போன பழைய நிறுவனத்தின் கடன்களைத் தம் பணத்திலிருந்து அடைத்தார். சட்டப்படி அவருக்கு அந்தக் கடமை இல்லை. பழைய வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெறவே அவ்வாறு செய்தார். இது செயலளவில் தேவையானதாக இருக்கலாம், ஆனால் வழக்கமானது அன்று என்று கூறி நீதிபதி கார்டோசோ கழிவை மறுத்தார். துணை ஒப்பந்தக் கட்டணங்களில் இத்தகைய சிக்கல் அரிதாகவே எழும். வேலையைப் பகிர்ந்து கொடுப்பது ஏறத்தாழ எல்லாத் தொழில்களிலும் வழக்கமே.

செலவு தொழிலைச் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். ஒருவர் தம் அலுவலகச் சுவருக்கு வண்ணம் பூசியவருக்குக் கொடுத்த பணம் கழிவுக்கு உரியது. குடியிருக்கும் வீட்டுக்கு அதே நபரை அழைத்துக் கொடுத்த பணம் உரியதன்று. பொழுதுபோக்காகச் செய்யும் வேலைக்கும் இக்கழிவு கிடையாது. இலாப நோக்கம் இல்லை என்று தீர்மானிக்கப்பட்டால் வருமானத்துக்கு வரி உண்டு, செலவுக்குக் கழிவு இல்லை என்ற நிலை 2018 முதல் உள்ளது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலையாக்கியது.

கழிவினால் குறையும் வரி

சுயதொழில் செய்பவர் இரண்டு கூட்டாட்சி வரிகளைச் செலுத்துகிறார். ஒன்று எல்லோரும் செலுத்தும் வருமான வரி. மற்றொன்று சுயதொழில் வரி. ஊழியர் ஒருவரின் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிக்கேர் எனப்படும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் 7.65 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளி அதே அளவை தம் பங்காகச் செலுத்துகிறார். சுயதொழிலாளருக்கு முதலாளி இல்லை. ஆகவே இரு பங்கையும் அவரே கட்டுகிறார். மொத்தம் 15.3 விழுக்காடு, இதில் 12.4 சமூகப் பாதுகாப்புக்கும் 2.9 மெடிக்கேருக்கும் உரியவை. நிகர இலாபத்தின் 92.35 விழுக்காட்டின் மீதே இவ்வரி கணக்கிடப்படுகிறது. சமூகப் பாதுகாப்புப் பகுதிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. 2025ஆம் ஆண்டில் அது 1,76,100 டாலர்.

துணை ஒப்பந்தக் கட்டணம் இவ்விரு வரிகளின் அடித்தளத்தையும் ஒருசேரக் குறைக்கிறது. ஓய்வூதியச் சேமிப்பு போன்ற பல கழிவுகள் வருமான வரியை மட்டுமே குறைக்கும் என்பதை நோக்க, இதன் சிறப்பு விளங்கும்.

எடுத்துக்காட்டாக, மணமாகாத ஒரு மென்பொருள் வடிவமைப்பாளர் 2025ஆம் ஆண்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து 1,50,000 டாலர் பெற்றார் என்று கொள்வோம். துணை ஒப்பந்ததாரருக்கு 30,000 டாலரும் பிற செலவுகளுக்கு 20,000 டாலரும் கொடுத்தார். வேறு வருமானம் இல்லை. அவரது நிகர இலாபம் 1,00,000 டாலர். துணை ஒப்பந்தச் செலவைக் காட்ட மறந்திருந்தால் இலாபம் 1,30,000 டாலர் ஆகியிருக்கும்.

சுயதொழில் வரி முதல் நிலையில் ஏறத்தாழ 14,130 டாலர், இரண்டாம் நிலையில் 18,368 டாலர். வேறுபாடு 4,239 டாலர். வருமான வரியைக் கணக்கிடுகையில் மேலும் மூன்று படிகள் உள்ளன: சுயதொழில் வரியில் பாதியைக் கழிக்கலாம், அந்த ஆண்டின் நிலையான கழிவு 15,750 டாலர், அதன்பின் 199ஏ பிரிவின்படி தகுதியுள்ள தொழில் வருமானத்துக்கு 20 விழுக்காட்டுக் கழிவு. இவற்றுக்குப் பின் வரிக்குட்படும் வருமானம் முதல் நிலையில் ஏறத்தாழ 61,748 டாலராகவும் இரண்டாம் நிலையில் 84,053 டாலராகவும் அமையும். இரண்டும் 22 விழுக்காட்டு அடுக்கிலேயே விழுகின்றன. வேறுபாட்டின் மீதான வரி 4,907 டாலர். ஆக 30,000 டாலர் செலவைக் காட்டியதால் குறைந்த கூட்டாட்சி வரி 9,146 டாலர். மாநில வருமான வரி இதில் சேர்க்கப்படவில்லை.

இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடாது. "வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்பதற்காக ஒரு செலவைச் செய்வது இலாபம் தராது. மேற்கண்டவர் கையிலிருந்து இன்னும் 20,854 டாலர் போயிருக்கிறது. மறுபுறம், அரசும் அந்த 30,000 டாலருக்கான வரியை இழந்துவிடவில்லை. அதைப் பெற்ற துணை ஒப்பந்ததாரர் தமது வருமானமாக அதைக் காட்டி வரி கட்டுகிறார். ஒருவரின் கழிவு மற்றவரின் வருமானம். பின்னால் கூறப்படும் படிவங்கள் யாவும் இச்சமன்பாட்டின் இரு பக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்டவை.

அட்டவணை சி

தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர் தமது வருமான வரிப் படிவம் 1040 உடன் அட்டவணை சி என்ற இணைப்பை அளிக்கிறார். துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை அதன் 11ஆம் வரியாகிய "ஒப்பந்த உழைப்பு" என்பதில் எழுதப்படுகிறது. ஊழியர் சம்பளத்துக்கு 26ஆம் வரி. வழக்கறிஞர், கணக்காளர் போன்றோரின் கட்டணத்துக்கு 17ஆம் வரி. விற்பனைக்குப் பொருள் உற்பத்தி செய்பவராயின், உற்பத்தியில் நேரடியாக ஈடுபட்ட உழைப்பின் செலவு விற்ற பொருள்களின் அடக்கவிலையில் சேரும்.

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வாடிக்கையாளரிடம் பெற்ற 1,50,000 டாலரில் 30,000 டாலரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், ஆகவே நம் வருமானம் 1,20,000 டாலர் என்று முதல் வரியிலேயே குறைத்து எழுதிவிடுகின்றனர். இறுதி இலாபம் ஒன்றாகவே வரும் என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளர், தாம் 1,50,000 டாலர் கொடுத்ததாக உள்நாட்டு வருவாய்ச் சேவைக்கு ஏற்கெனவே தெரிவித்திருப்பார். ஐ.ஆர்.எஸ். எனச் சுருக்கமாக அறியப்படும் அத்துறையின் கணினிகள் அவ்வெண்ணை அட்டவணையின் முதல் பகுதியோடு ஒப்பிடுகின்றன. குறைந்திருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். முழு வரவையும் வரவாகவும், முழுச் செலவையும் செலவாகவும் எழுதுவதே முறை.

எந்த ஆண்டில் கழிப்பது என்பது கணக்கு வைக்கும் முறையைப் பொறுத்தது. சிறு தொழில் செய்வோரில் பெரும்பாலோர் ரொக்க முறையைப் பின்பற்றுகின்றனர். அதன்படி பணம் கொடுத்த ஆண்டிலேயே கழிவு. டிசம்பர் மாதம் முடிந்த வேலைக்கு ஜனவரியில் பணம் கொடுத்தால் அது அடுத்த ஆண்டின் செலவு. கடன் அட்டை மூலம் டிசம்பர் 31 அன்று செலுத்தினால், அட்டைக் கணக்கை எப்போது தீர்த்தாலும், அது அந்த ஆண்டின் செலவே.

தகவல் படிவங்கள்

வேலை தொடங்குமுன் துணை ஒப்பந்ததாரரிடமிருந்து படிவம் டபிள்யூ-9 பெற வேண்டும். அதில் அவரது பெயர், முகவரி, வரி அடையாள எண், அவர் தனிநபரா நிறுவனமா என்ற விவரம் ஆகியன இருக்கும். இது அரசுக்கு அனுப்பப்படுவதில்லை. பணம் கொடுப்பவரின் கோப்பிலேயே இருக்கும். பணம் முழுவதும் கைமாறிய பின் இப்படிவத்தைக் கேட்டுப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது ஜனவரி மாதத்தில் பலருக்கும் புரியும். எண்ணைத் தர மறுப்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 24 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இதற்குக் காப்புப் பிடித்தம் என்று பெயர்.

ஆண்டு முடிந்ததும் படிவம் 1099-என்இசி நிரப்பப்பட்டு, ஒரு படி துணை ஒப்பந்ததாரருக்கும் ஒரு படி ஐ.ஆர்.எஸ். துறைக்கும் ஜனவரி 31க்குள் அனுப்பப்படுகிறது. இப்படிவம் 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, 2020ஆம் வரி ஆண்டுக்கென மீண்டும் கொண்டுவரப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இத்தொகைகள் படிவம் 1099-மிஸ்க் என்பதன் 7ஆம் கட்டத்தில் எழுதப்பட்டன.

ஓர் ஆண்டில் ஒருவருக்கு 600 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்தால் தெரிவிக்க வேண்டும் என்பதே நீண்டகால விதி. 1954ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற இத்தொகை, பணத்தின் மதிப்பு பல மடங்கு வீழ்ந்த பின்னும் எழுபது ஆண்டுகளாக மாறாமல் இருந்தது. 2010ஆம் ஆண்டு நலவாழ்வுச் சட்டம் இதைப் பொருள் கொள்முதலுக்கும் பெரு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் விரிவாக்கியது. 2012இல் நடைமுறைக்கு வரவேண்டிய அவ்விதி, சிறு வணிகர்களின் கடும் எதிர்ப்பினால் 2011ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. இறுதியில் 2025 சூலை 4 அன்று கையொப்பமான சட்டம் வரம்பை 2,000 டாலராக உயர்த்தியது. 2026 முதல் கொடுக்கும் பணத்துக்கு இது பொருந்தும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்ப மாற்றப்படும்.

இவ்வரம்பைக் கழிவின் வரம்பாகக் கருதுவோர் உண்டு. அது தவறு. 200 டாலர் கொடுத்தாலும் கழிவு உண்டு. படிவம் மட்டும் தேவையில்லை. அதுபோலவே பெறுபவரும், படிவம் வராவிட்டாலும், அத்தொகையை வருமானமாகக் காட்டக் கடமைப்பட்டவர். பதிவு பெற்ற கூட்டு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் படிவம் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் வழக்கறிஞர்களுக்கு அனுப்ப வேண்டும். கடன் அட்டை வழியாகவோ பேபால் போன்ற பணமாற்று வலையமைப்பு வழியாகவோ செலுத்தியிருந்தால் தெரிவிக்கும் பொறுப்பு அந்த அமைப்பைச் சேரும்.

படிவத்தை அனுப்பாமல் விட்டால் கழிவு போய்விடுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அதனால் மட்டும் கழிவு மறுக்கப்படுவதில்லை. தண்டம் உண்டு. 2025இல் அளிக்கவேண்டிய படிவங்களுக்கு, 30 நாட்களுக்குள் தாமதமாயின் ஒரு படிவத்துக்கு 60 டாலர், ஆகஸ்ட் 1க்குள் 130 டாலர், அதன்பின் 330 டாலர். வேண்டுமென்றே புறக்கணித்தால் இன்னும் மிகுதி. அட்டவணை சி-யின் மேற்பகுதியில், 1099 படிவம் தேவைப்படும் பணம் எதையேனும் கொடுத்தீர்களா, ஆம் எனில் படிவத்தை அளித்தீர்களா என்று இரு கேள்விகள் உள்ளன. பொய்ச் சான்றளித்தால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின் கீழ் கையொப்பமிடப்படும் ஆவணம் அது. 11ஆம் வரியில் பெருந்தொகையை எழுதிவிட்டு முதல் கேள்விக்கு "இல்லை" என்று விடையளிப்பது, தாமே தணிக்கையை அழைப்பது போலாகும்.

துணை ஒப்பந்ததாரரா, ஊழியரா

இப்பொருளில் மிகச் சிக்கலான பகுதி இதுவே. பணம் பெறுபவரை ஒப்பந்ததாரர் என்று இருவரும் ஒப்புக்கொண்டு தாளில் எழுதிக்கொள்வதனால் மட்டும் அவர் ஒப்பந்ததாரர் ஆகிவிடமாட்டார். உண்மையான உறவு எதுவோ அதுவே செல்லும். வேலையை எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை யாருக்கு இருக்கிறது. கருவிகளும் முதலீடும் யாருடையவை, நட்டம் வந்தால் யாரைச் சேரும். உறவு தொடர்ச்சியானதா, அவர் பிறருக்கும் வேலை செய்கிறாரா என்ற வகையில் ஐ.ஆர்.எஸ். ஆராய்கிறது. ஏதேனும் ஒரு கூறு மட்டும் முடிவைத் தந்துவிடாது.

1947ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட ஐக்கிய அமெரிக்கா எதிர் சில்க் வழக்கு இதற்கு நல்ல விளக்கம். கான்சாசு மாநிலத்தின் டொப்பீக்கா நகரில் நிலக்கரி விற்ற சில்க் என்பவரிடம் இருவகை வேலையாட்கள் இருந்தனர். தொடர்வண்டிப் பெட்டிகளிலிருந்து கரியை இறக்கியவர்கள் தம் சொந்த மண்வாரிகளுடன் விருப்பமான நாட்களில் வந்து, டன் கணக்கில் கூலி பெற்றனர். கரியை வீடுகளுக்குக் கொண்டு சென்றவர்கள் தமது சொந்தச் சரக்குந்துகளை வைத்திருந்து, எண்ணெய்ச் செலவையும் பழுதுபார்க்கும் செலவையும் தாமே ஏற்றனர். முதல் வகையினர் ஊழியர்கள், இரண்டாம் வகையினர் தனி ஒப்பந்ததாரர்கள் என்று நீதிமன்றம் கூறியது. ஒரு மண்வாரியைத் தவிர வேறு முதலீடும், தம் திறமையால் இலாபத்தைக் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பும் இல்லாதவரைத் தொழில் நடத்துபவர் என்று கருதமுடியவில்லை.

ஊழியர் என்று பின்னர் தீர்மானிக்கப்பட்டால் கழிவு அழிந்துவிடாது. சம்பளமும் கழிவுக்கு உரிய செலவே. 11ஆம் வரியிலிருந்து 26ஆம் வரிக்கு அது இடம் மாறுகிறது. இழப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. முதலாளியாகப் பிடித்துச் செலுத்தியிருக்க வேண்டிய வரிகள் இப்போது அவர் தலையில் விழுகின்றன. வேண்டுமென்று செய்யாத பிழைக்கு 3509ஆம் பிரிவு குறைந்த வீதங்களை வகுத்துள்ளது: வருமான வரிக்கு ஈடாகச் சம்பளத்தில் 1.5 விழுக்காடு, ஊழியர் பங்கான 7.65 விழுக்காட்டில் ஐந்திலொரு பங்கு, முதலாளியின் பங்கு முழுமையாக. 30,000 டாலருக்கு இது 3,204 டாலர். 1099 படிவத்தை அனுப்பாதிருந்தால் முதலிரண்டும் இரட்டிப்பாகி மொத்தம் 4,113 டாலர் ஆகும். கழிவுக்குத் தேவையில்லாத அந்தப் படிவம் இங்கே பயன்படுகிறது. வட்டியும் பிற தண்டங்களும் வேறு. பல ஆண்டுகள், பல ஆட்கள் என்று பெருகினால் ஒரு சிறு தொழிலை மூடச் செய்யும் அளவுக்கு இது வளரும்.

வேலை செய்தவருக்கும் இதில் இழப்பு உண்டு என்பது பலராலும் பேசப்படுவதில்லை. ஊழியராக இருக்க வேண்டியவர் ஒப்பந்ததாரராகக் காட்டப்பட்டால், முதலாளியின் பங்கையும் அவரே கட்டுகிறார். வேலையிழப்புக் காப்பீடும் மேலதிக நேரக் கூலியும் அவருக்குக் கிட்டுவதில்லை. நிலையைத் தீர்மானித்துத் தருமாறு இரு தரப்பினரும் படிவம் எஸ்எஸ்-8 மூலம் ஐ.ஆர்.எஸ். துறையைக் கேட்கலாம்.

1978ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தின் 530ஆம் பிரிவு பணம் கொடுப்போருக்கு ஓர் அடைக்கலம் அளிக்கிறது. ஒருவரை ஒப்பந்ததாரராக நடத்தியதற்குத் தக்க அடிப்படை இருந்து, அதேபோன்ற வேலை செய்த எவரையும் ஊழியராக நடத்தாமல், 1099 படிவங்களையும் ஒழுங்காக அளித்திருந்தால், ஐ.ஆர்.எஸ். பழைய வேலைவாய்ப்பு வரியைக் கேட்க முடியாது. ஆனால் 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் 1706ஆம் பிரிவு, பொறியாளர், வரைவாளர், கணினி நிரலாளர், கணினி முறைமைப் பகுப்பாய்வாளர் ஆகியோரை மூன்றாம் தரப்பான வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஏற்பாடுகளை இந்த அடைக்கலத்திலிருந்து விலக்கியது. ஆகவே ஒரு நிரலாளர் தம் வாடிக்கையாளரிடம் இன்னொரு நிரலாளரைத் துணை ஒப்பந்தத்தில் அனுப்பும்போது, கூரை வேய்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. கணினித் துறையினர் இதைக் குறித்துக் கொள்ளல் நலம்.

மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையாக இருக்கக்கூடும். கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு டைனமெக்ஸ் வழக்கில் ஏ-பி-சி சோதனை என்ற அளவுகோலை ஏற்றது. 2020 முதல் அது சட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வேலை செய்பவர் கட்டுப்பாட்டுக்கு உட்படாதவர், அவர் செய்யும் வேலை அமர்த்தியவரின் வழக்கமான தொழிலுக்குப் புறம்பானது, அவருக்கெனத் தனித் தொழில் உண்டு என்ற மூன்றையும் மெய்ப்பித்தாலன்றி அவர் ஊழியரே. பல விதிவிலக்குகள் இருப்பினும், தாம் செய்யும் அதே வேலையை இன்னொருவருக்குப் பகிர்ந்து கொடுப்பவருக்கு இரண்டாம் நிபந்தனை பெரும் தடை. கூட்டாட்சி வரிக்கு ஒப்பந்ததாரராகவும் மாநிலச் சட்டத்துக்கு ஊழியராகவும் ஒரே நபர் இருப்பது இயலக்கூடியதே.

கழிவு உடனே கிட்டாத செலவுகள்

நீண்டகாலம் பயன்தரும் சொத்தை உருவாக்கவோ மேம்படுத்தவோ கொடுத்த பணம் அந்த ஆண்டிலேயே முழுவதும் கழிக்கப்படுவதில்லை. வாடகைக்கு விடும் கட்டடத்தின் ஒழுகலை அடைக்கக் கொடுத்த கூலி செலவு. புதிய அறை கட்டக் கொடுத்த கூலி கட்டடத்தின் மதிப்போடு சேர்ந்து, பல ஆண்டுகளில் தேய்மானமாகவே கழியும்.

மென்பொருள் உருவாக்கத்தில் இவ்வேறுபாடு அண்மையில் பெரும் குழப்பத்தை விளைவித்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, 2022 முதல் மென்பொருள் உருவாக்கச் செலவுகளை உடனே கழிக்கும் உரிமை நீங்கியது. உள்நாட்டில் நடந்த வேலையாயின் 5 ஆண்டுகளிலும் வெளிநாட்டில் நடந்ததாயின் 15 ஆண்டுகளிலும் பகுத்துக் கழிக்க வேண்டியதாயிற்று. 2025ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டு வேலைக்கு மட்டும் உடனடிக் கழிவை மீட்டளித்தது. வெளிநாட்டு வேலைக்கு 15 ஆண்டு விதி நீடிக்கிறது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். தமக்கென ஒரு செயலியை உருவாக்கி விற்கும் அமெரிக்கச் சுயதொழிலாளர் ஒருவர், சென்னையிலோ கோவையிலோ உள்ள நிரலாளருக்கு 30,000 டாலர் கொடுக்கிறார். முதலாண்டில் நடுப்பகுதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதால் அவருக்குக் கிடைக்கும் கழிவு வெறும் 1,000 டாலர். அதன்பின் ஆண்டுக்கு 2,000 டாலர். கைக்கு வராத இலாபத்துக்கு வரி கட்டும் நிலை இது. அதே வேலையை ஒகையோவில் உள்ளவர் செய்திருந்தால் 30,000 டாலரும் உடனே கழியும். எனினும், உருவாகும் மென்பொருளின் மீது எவ்வுரிமையும் நட்ட ஆபத்தும் இன்றி, வாடிக்கையாளருக்காகக் கட்டணத்துக்கு மட்டும் உருவாக்கித் தருபவரின் செலவுகள் இவ்விதிக்குள் அடங்கமாட்டா என்று ஐ.ஆர்.எஸ். 2023இல் அளித்த விளக்கம் கூறுகிறது. தரவு உள்ளிடல், பயிற்சியளித்தல் போன்றவையும் உருவாக்கம் ஆகா.

வெளிநாட்டில் இருந்தபடியே வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 1099 படிவம் தேவையில்லை; 30 விழுக்காட்டுப் பிடித்தமும் இல்லை. வேலை நடந்த இடமே வருமானத்தின் தோற்றுவாய் எனக் கொள்ளப்படுவதால் அது அமெரிக்க வருமானம் ஆவதில்லை. அவர் வெளிநாட்டவர் என்பதற்குச் சான்றாகப் படிவம் டபிள்யூ-8பென் பெற்று வைத்துக்கொள்வது வழக்கம். அதே நபர் அமெரிக்காவுக்கு வந்து வேலை செய்தால் நிலைமை மாறும். வரி உடன்படிக்கை விலக்களித்தாலன்றிப் பிடித்தம் தேவைப்படும்.

சான்றுகள்

செலவை மெய்ப்பிக்கும் பொறுப்பு வரி செலுத்துபவருடையது. எழுத்து ஒப்பந்தம், விலைப்பட்டியல், வங்கிக் கணக்கில் பணம் சென்றதற்கான பதிவு ஆகிய மூன்றும் பொருந்தி நின்றால் பெரும்பாலும் கேள்வி எழாது. ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு உண்டு. ஆயின் பெற்றவரின் கையொப்பமிட்ட இரசீது இல்லாவிடில் அதை நிலைநாட்டுவது கடினம். பொதுவாக மூன்று ஆண்டுகள் ஆவணங்களைப் பேண வேண்டும். வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் விடுபட்டிருந்தால் ஆறு ஆண்டுகள் வரை ஐ.ஆர்.எஸ். பின்னோக்கிச் செல்லலாம்.

ஆவணம் இல்லாதவர்களின் வரலாற்றில் சார்ச்சு எம். கோகன் என்ற பிராட்வே நாடகக் கலைஞருக்குத் தனியிடம் உண்டு. பயணத்துக்கும் விருந்துகளுக்கும் தாராளமாகச் செலவிட்ட அவர் கணக்கு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வரி முறையீட்டு வாரியம் முழுத் தொகையையும் மறுத்தது. 1930ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹாண்ட், ஏதோ ஒரு தொகை செலவாகியிருக்கிறது என்பது உறுதியாயிருக்கையில் ஒன்றுமே இல்லை என்று கூறுவது முறையன்று என்றும், வாரியம் இயன்றவரை மதிப்பிட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். ஆனால் தெளிவின்மைக்குக் காரணம் வரி செலுத்துபவரே என்பதால் மதிப்பீடு அவருக்குப் பாதகமாக அமையலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். 1962இல் நாடாளுமன்றம் பயணச் செலவுகளுக்கும் விருந்துச் செலவுகளுக்கும் இவ்விதியைப் பயன்படுத்த முடியாதவாறு சட்டம் இயற்றியது. துணை ஒப்பந்தக் கட்டணங்கள் அத்தடைக்குள் வரவில்லை. எனவே கோகன் விதி இவற்றுக்கு இன்றும் உயிருடன் இருக்கிறது. இருப்பினும் மதிப்பிடுவதற்கு ஏதேனும் ஓர் அடிப்படையை வரி செலுத்துபவர் காட்டியாக வேண்டும்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் கட்டுமானத் துறைக்கு மட்டும் தனி ஏற்பாடு உள்ளது. ஒப்பந்ததாரர், பதிவு செய்த துணை ஒப்பந்ததாரரின் கூலியில் 20 விழுக்காட்டையும் பதிவு செய்யாதவரின் கூலியில் 30 விழுக்காட்டையும் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். பொருள்களுக்கான தொகை இதில் சேராது.

இந்தியாவில் கழிவும் பிடித்தமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு, ஒப்பந்ததாரர் தனிநபராயின் 1 விழுக்காடும் நிறுவனமாயின் 2 விழுக்காடும் பிடிக்கக் கூறியது. பிடிக்கக் கடமைப்பட்டவர் பிடிக்கத் தவறினால் 40ஆம் பிரிவின்படி செலவின் ஒரு பகுதி மறுக்கப்பட்டது. 2004இல் இவ்விதி வந்தபோது முழுச் செலவும் மறுக்கப்பட்டது, 2014இல் அது 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இக்கொள்கை தொடர்கிறது. அமெரிக்காவில் படிவத்தை மறந்தவர் சில நூறு டாலர் தண்டம் கட்டுகிறார். இந்தியாவில் பிடித்தத்தை மறந்தவர் உண்மையாகச் செய்த செலவின் ஒரு பகுதிக்கு வரி கட்டுகிறார்.